கம்பியில்லாத கட்டை

விழுப்புரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சங்கீத டீச்சர் வேலைக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் சவுரிராயன். அவரிடம்தான் ஆறு வருஷம் பியானோ கற்றேன். அவர் செத்துப்போக வேண்டும் என்று அந்த ஆறு வருஷமும் ஜெபித்திருக்கிறேன்.

"இவரிடம் பயின்றதாகச் சொல்லி மூன்று பேர் என்னை ஏமாற்றினார்கள். ஆகவே இவரையே வரவழைத்தேன்" என்றார் பள்ளியை நடத்தும் மதர். வெள்ளைக்காரி, புத்தகத் தமிழ்.

சவுரிராயன் ஆமென்றால் வேலையோடு ஓர் அறையும் உண்டு. இல்லையென்றால் கிளியனூரில் அண்ணி ஒதுக்கியிருக்கும் மாட்டுக்கொட்டகை மூலைதான்.

சைகோனில் சீமான்களை எழுந்து நின்று கைதட்ட வைத்த விரல்கள் அவருடையவை. அதை நான் மறுக்கவில்லை. 1931-இல் பியானோவோடு திண்டிவனம் திரும்பியவர் சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார். எங்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். அவித்த மல்லாட்டை தின்றுகொண்டே கேட்பார்; தப்பு வந்தால் கடலைத் தோல் கழுத்தில் வந்து விழும். எங்கள் முன் ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தப் பியானோவில் நடுவே ஒரு கட்டைக்குக் கம்பி இல்லை. கப்பலில் உப்புக்காற்று பட்டு அறுந்ததாம். அந்த இடம் வந்தால் கட்டையைத் தொடாமல், வாயை மூடி 'ம்' என்று அந்தச் சுரத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னோம்.

அது தொண்டையில் ஊறிவிட்டது. முகையூரில் ஒரு கலியாணப் பூசையில் ஆர்மோனியம் வாசிக்கும்போது என்னையறியாமல் 'ம்' என்றேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம், வாயில் துணியைக் கடித்துக்கொண்டு பழகி அதை ஒழித்தேன்.

இப்போது பள்ளிப் பியானோவில் வாசித்தேன். ஒரு கட்டையையும் விடவில்லை. முடித்துவிட்டு, சற்றுக் கர்வமாகவே நிமிர்ந்தேன்.

"இது என்கிட்ட கத்துக்கினது இல்ல மதர்."

"அய்யா! ஆறு வருஷம் உங்க வீட்டுக்கு வந்துகினு இருந்தேனே!"

"வந்திருக்கும். வாசல் பெருக்க." என்னைப் பார்க்காமல் மதரிடமே பேசினார். "என் பேர சொல்லிக்கினு ஊரூரா பொழைக்கிறாங்க. அதுக்குத்தான் மொதல்லயே நடுவுல ஒரு கட்டையோட கம்பிய நானே கழட்டிப் போட்டேன். என் பசங்கன்னா அந்த எடத்துல 'ம்'னுவாங்க. இது சொல்லல."

மாட்டுக்குச் சூடு போடுகிறவன்கூட, கட்டிப்போட்ட பிறகுதான் போடுவான். மாட்டுக்காவது சுடுகிறது என்று தெரியும். உப்புக்காற்றை நம்பி, அந்தப் பியானோவுக்காக நான் இரக்கப்பட்டிருக்கிறேன்.

"இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார் மதர்.

எழுந்து போயிருக்கலாம். அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். அந்த இடத்தில் விரலைத் தூக்கினேன். வரவழைக்க வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். 'ம்' தானாக வந்தது, சுத்தமாக, எட்டு மாதமும் நாக்கின் அடியில் படுத்திருந்ததுபோல. அவரை மன்னிக்கலாம், என் தொண்டையை எப்படி மன்னிப்பது?

"கிளியனூரு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எத்தினி பேஜாரு!" நான் அவர் மாணவிதான் என்று மதர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மை காய்ந்ததும் அதை எடுத்து மடித்துக்கொண்டேன்.

"அய்யா, இங்க என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணும் 'ம்'னு சொல்லாது. உங்க பேரும் அதுங்களுக்குத் தெரியாது."

"பேரு எதுக்கு? உன் கையப் பாத்துதான அதுங்க வாசிக்கும். உன் கை யாருது?"

"மூணு மணி வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்று கதவைத் திறந்து பிடித்தேன்.