ஏனோக் சொன்ன பினிஷ்

அந்தச் சுரங்கத்தில் ‘பினிஷ்’ என்ற சொல்லை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. சோறு தின்று முடித்தவன் ‘ஆச்சு’ என்பான், மண் அள்ளி முடித்தவன் ‘முடிஞ்சிச்சு’ என்பான். ‘பினிஷ்’ வெடி வைத்தவனுக்கு மட்டுமே உரியது. வைத்த வெடி அத்தனையும் வெடித்துவிட்டது, பாறைக்குள் ஒன்றும் மிச்சமில்லை, உள்ளே போகலாம் என்று அதற்குப் பொருள். அதைக் கேட்காமல் அடுத்த ஷிப்ட் ஆட்கள் பாறை குடைந்த லெவலுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டன் துரை மட்டுமே அதைச் சொல்வார். போன வருஷம்தான் ஏனோக்குக்கு அந்த உரிமை கிடைத்தது. அதன்பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டுதான் சொல்வார்.

போன வாரம் சத்தத்தை எண்ணியதில் ஒரு வெடி குறைகிறது என்று ‘பினிஷ் இல்ல’ என்றார். ஒரு மணி நேரம் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். தேடிப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை, இரண்டு வெடி ஒன்றாகச் சேர்ந்து வெடித்திருந்தது. அன்றிலிருந்து ராஜப்பா மேஸ்திரியின் ஆட்களுக்கு அவர் ‘செவிட்டு ஏனோக்கு’ ஆகிவிட்டார்.

இன்றும் பன்னிரண்டு திரிக்குத் தீ வைத்துவிட்டு, வளைவுக்கு அப்பால் நின்று எண்ணினார். பதினொன்று. காது கொடுத்து நின்றார். இன்னொன்று வரவில்லை.

மேலே, ஆட்களை இறக்கும் கேஜ் வாசலில் காத்திருந்த ராஜப்பா கேட்டார். “இன்னா ஏனோக்கு, பினிஷா? இல்ல, இன்னிக்கும் குந்தணுமா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“பினிஷ்,” என்றார் ஏனோக்.

வீட்டுக்கு வந்தவர் முகம்கூடக் கழுவவில்லை. போன வாரம் மாதிரி இரண்டு வெடி சேர்ந்து வெடித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு கேட்டால்தானே. மணி மூன்று அடித்தது. கீழே புகை அடங்கியிருக்கும், கல்லை அள்ளிக்கொண்டிருப்பார்கள், அள்ளி முடித்தால் அடுத்த வெடிக்குத் துளை போடப் பாறையில் கம்பி வைத்து அடிப்பார்கள். மிச்சமிருக்கும் வெடியில் அது பட்டால் போச்சு.

தண்ணீர்க் குடத்தோடு வந்த மனைவி ஐடா சொன்னாள். “ராஜப்பா மேஸ்திரி ஆளுல ஒருத்தனுக்குக் காய்ச்சலாம். நம்ம பர்னபாஸைக் கூட்டிக்கினு போயிட்டாராம்.”

பர்னபாஸ் அவளுடைய ஒரே தம்பி. ஏனோக் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அதுவரை கீழே இருந்தவர்கள் ஊரார் பெற்ற பிள்ளைகள், அதனால்தான் வீட்டில் சாய்ந்து உட்கார முடிந்தது. வெட்கக்கேடு. ஓடும்போதே அது அவருக்கு உறைத்தது.

கேஜ் இறங்க இறங்க உடம்பெல்லாம் வேர்த்தது. லெவலுக்குள் நுழைந்ததும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. டங். உயிர் போய் உயிர் வந்தது. மறுபடி டங். அடுத்த அடிக்கு எதுவும் நடக்கலாம் என்று பயந்து, சுவரில் மோதிக்கொண்டு ஓடினார்.

“நிறுத்துங்க, பினிஷ் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்.”

சத்தம் நின்றது. கம்பியைப் பிடித்துக் குந்தியிருந்த பர்னபாஸ் திரும்பினான். “இன்னா மாமா?”

அவனை மெல்ல விலக்கி, விளக்கை எட்டப் பிடிக்கச் சொல்லி, பாறைச் சேற்றை விரலால் வழித்தார். கம்பி முனைக்கு நாலு விரல் தள்ளி, பாதி கருகிய திரியோடு பன்னிரண்டாவது வெடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

எல்லாரையும் வளைவுக்கு அனுப்பிவிட்டு அந்த ஒன்றை வெடிக்க வைத்தார் ஏனோக். எல்லார் காதிலும் விழுந்தது. புகை அடங்கியது. பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. விளக்கோடு தனியாக உள்ளே போனார். பாறையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்.

“வாங்க,” என்று குரல் வந்தது.

யாரும் நகரவில்லை. இனி அவர் வாயை நம்பி யார் போவார்கள்?

உள்ளே கம்பி உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். ஏனோக் கம்பியைப் பாறையில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக் குந்தியிருந்தார்.

“கம்பிய நான் புடிக்கிறேன். அடிக்கிறவன் மட்டும் வரட்டும்.”

சற்று நேரம் கழித்து, பர்னபாஸ் சம்மட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.