கர்னலின் முள்

கர்னல் குமர்சிந்தோவின் உள்ளங்கையில் ஏறிய முள்ளம்பன்றி முள், மாதத்துக்கு ஒரு விரற்கடை வீதம் அவருடைய இதயத்தை நோக்கி நடந்தது. எங்கள் ஊர் பெத்ரா மான்சாவில் அந்த வருஷம் கொக்கோ நல்ல விலைக்குப் போனது, மழையும் பரவாயில்லை.

முள் ஏறிய விதம் இது. எங்கள் பக்கத்தில் சாட்சிகள் முன்னால் ஒரு மரத்தை ஓங்கி அறைந்து "என்னோடது" என்று சொன்னால் மரம் சொன்னவருடையது. பின்னால் நாலு துப்பாக்கிக்காரர்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். விதவை யூஃப்ராசியாவும் செத்துப்போன அவள் புருஷனும் நட்டு வளர்த்த எழுநூறு கொக்கோ மரங்களைக் கர்னல் இப்படித்தான் எடுத்துக்கொண்டார். கடைசி மரத்தில், வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு ஒரு மர முள்ளம்பன்றி பகல் தூக்கத்தில் இருந்தது. "இதுவும் என்னோடதுதான்!" என்று அவர் அறைந்தது அதன் முதுகில். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. நாவிதர் அனீசியோ இருபத்திரண்டு முட்களைப் பிடுங்கினார். ஒன்று மட்டும் உள்ளே போய்விட்டது.

அது முழங்கையைத் தாண்டியதும் கர்னலுக்கு உதறல் எடுத்தது. பிடுங்கிய தோட்டம் ஒன்றை உரியவரிடமே கொடுத்தார். முள் இரண்டு விரற்கடை பின்வாங்கியது. ஒரு கூலியாளைக் கன்னத்தில் அறைந்தார். சாயங்காலத்துக்குள் அது தோளுக்கே ஏறிவிட்டது. ஒழுங்காக நடந்துகொண்டால் நின்ற இடத்தில் நிற்கும். மூன்று வருஷத்தில் எல்லோருடைய நிலமும் திரும்பியது, முள்ளும் மணிக்கட்டுக்கு இறங்கியது. பாக்கி யூஃப்ராசியாவின் தோட்டம் மட்டும்; அதையும் கொடுத்துவிட்டால் முள் வெளியே வந்துவிடும்.

ஆற்றில் ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவளிடம் பத்திரத்தோடு வந்தார். "யூஃப்ராசியாம்மா, பெரிய மனசு பண்ணி வாங்கிக்கணும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை நீட்டியவள், அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அந்த நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவனுங்கள ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

"சும்மா... பழகின பசங்கம்மா."

அவள் ஈரக் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நெலம் உங்ககிட்டயே இருக்கட்டும் கர்னலய்யா. முள்ளும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூட வந்திருந்த நாவிதர் அனீசியோவுக்கே மனசு கேட்கவில்லை. "உங்க உசுரும் உங்க புருஷன் உசுரும் அந்தத் தோட்டத்துலதானக்கா இருந்துச்சு!"

"அதுக்கு என்ன பண்றது? ஊரே நிம்மதியா தூங்குதே, போ."

பதினோரு வருஷமாகக் கர்னல் தினமும் காலையில் பத்திரத்தோடு ஆற்றுக்கு வருகிறார். யூஃப்ராசியா துணியைப் பிழிந்தபடியே, "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறாள். தோட்டத்துப் பாதையில் மட்டும் அவள் கால் வைப்பதில்லை. கர்னல் அவளுடைய துணிமூட்டையைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்.