ஜமாபந்திச் சேவல்

எங்கள் பக்கத்தில் ஜமாபந்தி வருவது கோழிகளுக்குத்தான் முதலில் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து கிராமக் கணக்கைப் பார்ப்பார்கள், மனு வாங்குவார்கள். ஊர் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். கம்பெனிக்காரன் தன் ஆட்களுக்குச் சம்பளத்தைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஊரில் அள்ளிக்கொள்ளச் சொன்ன நாளில் தொடங்கிய வழக்கம் இது. கம்பெனி ஒழிந்தது, வெள்ளைக்காரனும் போனான். பந்தி மட்டும் இன்னும் முடியவில்லை.

தொண்ணூற்றேழில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு ஜமாபந்தி வந்தது. முதல் நாளே வி.ஏ.ஓ. அரங்கசாமி ராமாத்தாள் வாசலில் வந்து நின்றார். ராமாத்தாள் தோட்டங்களில் களையெடுத்துப் பிழைப்பவள். மாமனார் காலத்திலிருந்து குடியிருக்கும் புறம்போக்கு வீட்டுக்குப் பட்டா கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டை ஒருவர் சைட்டு போட்டு விற்கிறார், அவருக்கு வழி வேண்டும். பட்டா இல்லையென்றால் மழைக்கு முன்னால் வீட்டை இடித்துவிடுவார்கள்.

“ராமாத்தா, பெரிய ஆபீசர் வர்றாரு. அந்தச் சேவலக் குடுத்துரு. கம்பெனி காலத்துல இருந்து நடக்கறதுதான், அத மாத்தறதுக்கு நாம யாரு?”

“சேவலு போனாப் போகுதுங்க. பட்டா வந்துருமுங்களா?”

“வரும் வரும். நாஞ் சொல்லிப்போட்டேன்.”

மறுநாள் மத்தியானம், ஏப்பம் விட்டுக்கொண்டே மைக்கைப் பிடித்தார் அதிகாரி. சுதந்திரப் பொன்விழா வருஷம், பேசாமல் விடுவாரா?

“வியாபாரத்துக்கு வந்த கம்பெனி நம்மைச் சுரண்டித் தின்றது. அன்பளிப்பு என்று பெயர் வைத்து லஞ்சம் வாங்கியது!”

சாத்தான் வேதம் ஓதியது. கை கழுவியும் மசால் வாசம் போகவில்லை.

ராமாத்தாள் முறை வந்தது. சேவல் கொடுத்ததை லஞ்சம் என்று அவள் நினைக்கவே இல்லை. நிலவரி மாதிரி அதுவும் சர்க்காருக்குச் சேர வேண்டியது என்றிருந்தாள். கட்டியதைச் சொல்லிக் கேட்பதில் என்ன கூச்சம்?

“ஏனுங்க சார், எங்கூட்டுச் சேவலக் குடுத்துப்போட்டனுங்க. கறி நல்லா இருந்துச்சுங்களா? பட்டா இன்னைக்கே கெடைக்குமுங்களா?”

அரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். அதிகாரிக்கு மட்டும் சட்டம் உடனே ஞாபகம் வந்தது.

“லஞ்சம் கொடுப்பதும் குற்றம், அம்மா. கொடுத்ததாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மனு தள்ளுபடி. போலீசில் பிடித்துக் கொடுக்காமல் விடுவதே பெரிது.”

சொன்னதைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“அப்ப எங்கூடுங்க?” என்றாள் ராமாத்தாள்.

அதிகாரியின் நேர்மையை மெச்சி அரங்கசாமிதான் முதலில் கைதட்டினார். அடுத்து, கோழி கொடுத்திருந்த அத்தனை பேரும் தட்டினார்கள்.