பூனைக்கு வரும் பூ

ஷெரோன் டீச்சர் அன்று காலை பலகையில் ‘புலி பால் குடித்தது’ என்று எழுதியது பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத்தான். புத்தகத்தில் இருப்பது ‘பூனை பால் குடித்தது’. விடிந்ததிலிருந்தே ஹேவாஹெட்ட மலையில் மழை. தகரக் கூரையின் இரைச்சலுக்கு நடுவே இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு ஒடுங்கிக்கிடந்தார்கள். ஒரு சொல்லை மாற்றினால் வகுப்பு கலகலக்கும் என்று நினைத்தாள். யாரை வாசிக்கச் சொல்வது என்று யோசிக்கவே தேவையில்லை. நிரஞ்சனிதான். புத்தகத்தை அவ்வளவு சரளமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க அந்தச் சின்னப் பாடசாலையில் வேறு பிள்ளை கிடையாது.

நிரஞ்சனி எழுந்தாள். கைகளைக் கட்டினாள். “பூனை பால் குடித்தது” என்றாள்.

“ஏய், புலிடீ! புலி!” என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நிரஞ்சனியும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். எது புலி, எங்கே புலி என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் ஷெரோனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை வாசித்ததே இல்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, படத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒரு பாடம் விடாமல் மனதுக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் நிரஞ்சனி பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

“அ, ஆவிலருந்து திரும்ப எழுத வைங்க டீச்சர். வேற வழியில்ல” என்றார் பாடசாலை அதிபர் றெஜினோல்ட் சேர். ஷெரோன் தலையாட்டினாளே தவிர மனம் ஒப்பவில்லை. புத்தகம் முழுவதையும் காதால் மட்டுமே பிடித்துவைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன குறை? கேட்ட சொல்லை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் காது எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்தச் சத்தங்களுக்கு உருவம் இருக்கிறது என்பதை மட்டும் யாரோ அவளுக்குக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோவில் தானும் ஒருத்தி என்று நினைத்தபோது ஷெரோனுக்கு வெட்கமாக இருந்தது. பாடசாலை விட்டதும், கண்டிக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்காமல், தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்துக்கு, நிரஞ்சனியின் வீட்டுக்கு, ஏறும் படிக்கட்டில் கால் வைத்தாள்.

நிரஞ்சனியின் அம்மா ஜெயராணி பகல் சாப்பாட்டுக்குத் தேயிலை மலையிலிருந்து வந்திருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. டீச்சரைக் கண்டதும் இஸ்தோப்புத் திண்ணையில் கதிரையை இழுத்துப் போட்டாள். ஆனால் முகம் இளகவில்லை.

“எம்புள்ளய எதுக்கு டீச்சர் எல்லாரும் சிரிக்கிறாங்க? தெனமும் சாயங்காலம் எங்களுக்குப் படிச்சுக் காட்டுற புள்ள. லயமே வந்து உக்காந்து கேக்கும். இப்ப பொஸ்தகத்த எடுக்கவே மாட்டேங்கிறா.”

“தப்பு எம்மேலதாங்க்கா. வெளையாட்டுக்குத்தான் அப்படி எழுதுனேன். அவ மனசு நோகும்னு யோசிக்கல” என்றாள் ஷெரோன்.

அவ்வளவு சீக்கிரம் ஒரு டீச்சர் தப்பை ஒத்துக்கொள்வாள் என்று ஜெயராணி எதிர்பார்க்கவில்லை. தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து கதிரைக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த நாய் உறுமிக்கொண்டு தலையை நீட்டியது. அதன் ஒரு காது நடுவில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“கடிக்காது” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷெரோன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாயிடம் பேசுவதுபோல, “ஒன் காதுக்கு என்னடா ஆச்சு?” என்றாள்.

“அது கருப்பன். புலியோட சண்ட போட்டது” என்றாள் ஜெயராணி அடுப்படியிலிருந்து, பெருமையாக. “தோட்டம் பூரா இதத்தான் பேசுது.” தோட்டத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர்.

கதவு கொஞ்சம் திறந்தது. நிரஞ்சனியின் பாதி முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், பொறுக்கமுடியாமல் டீச்சரின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

“பொய் டீச்சர். ராத்திரி புலி வந்துச்சி. கருப்பன் கொரைக்கவே இல்ல. கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சி. கட்டில் ஆணிதான் காத கிழிச்சிருச்சி.”

ஷெரோன் சிரித்த சிரிப்பில் நாய் மிரண்டு வாசலுக்கு ஓடியது. “அடியே, இத எழுதணும்! ஒரு தாள் குடு” என்றாள். நிரஞ்சனி சுவரில் தொங்கிய கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து வந்தாள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஷெரோன் தரையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்த தடித்த பேனையை எடுத்தாள். நிரஞ்சனி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, பெரிய எழுத்தில் எழுதினாள்.

“ஐயோ, ஆணி கத எல்லாம் எழுதாதீங்க டீச்சர்! மானம் போயிரும்!” என்று ஜெயராணி தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தாள். எழுதி முடிந்திருந்தது.

நிரஞ்சனி தன் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள். ஷெரோன் அந்தக் கையை மெல்லப் பிடித்து விரலைத் தாளில் வைத்தாள். “ஒன் வாயில வந்ததுதான் எல்லாம். எது எங்க இருக்குன்னு மட்டும் பாரு.”

விரல் மெதுவாக நகர்ந்தது. ‘ராத்திரி புலி வந்துச்சி.’ ‘கருப்பன் கொரைக்கவே இல்ல.’ மூன்றாவது வரியில் நின்றது. முன்னே போனது, பின்னே வந்தது. நெற்றி சுருங்கியது.

“டீச்சர், நான் பூந்துக்கிச்சின்னுதானே சொன்னேன்?”

“ஆமா.”

“அப்ப பூ வரணும்ல? பூனைக்கு வர்ற பூ. இதுல பூவே இல்லயே.”

ஷெரோன் குனிந்து பார்த்தாள். ‘கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.’ டீச்சர் பயிற்சி பெற்ற கை தன்னை அறியாமல் பிள்ளையின் சொல்லைத் திருத்தி எழுதியிருக்கிறது! ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது. தாளில் இல்லாததை இல்லை என்று சொல்ல, தாளில் இருப்பதைப் பார்த்திருக்கவேண்டும்.

“மேல புலிக்கு இருக்குதே, அது பூ இல்லயா?” என்று கேட்டாள்.

நிரஞ்சனி கண்ணை இடுக்கினாள். “இல்ல. இதுக்குக் காலு நேரா இருக்கு. பொஸ்தகத்துல பூனைக்குக் காலு வளஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். பலகையில் அன்று எங்கே புலி இருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டதுபோல முகம் மலர்ந்தது. “அதான் அன்னைக்கு அவனுக எல்லாம் புலின்னானுகளா!”

“அதேதான்டி!”

ஷெரோன் தன் சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘பூந்துக்கிச்சி’ என்று எழுதினாள். நிரஞ்சனி அந்தப் ‘பூ’வைத் தடவிப் பார்த்தாள். பிறகு மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினாள். கருப்பனுக்கும் கட்டிலுக்கும் முதலில் வருவது ஒன்றுதானா? ஆணிக்கு வருகிற ணி தன் பேருக்கு வருமா? வராது, அது வேறு னி என்றதும் ஏமாந்துபோனாள். பேருக்கு வருவது எது என்று எழுதிக்காட்டும்வரை விடவில்லை. ஜெயராணி கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எப்போது குந்தினாள் என்று தெரியாது. மகளின் தோளுக்கு மேலாக அவளும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராணி மறுபடி மலைக்குப் போகிற நேரம் வந்தபோது மழை விட்டிருந்தது. ஷெரோன் படியிறங்கி பஸ் நிற்கும் வளைவுக்கு வந்து மேலே பார்த்தாள். தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் பெண்கள் கூடையோடு கூட்டமாக நின்றார்கள். நடுவில், ஒரு பாறைமேல் நிரஞ்சனி. கலண்டர் தாள் காற்றில் படபடக்க, ஜெயராணி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல் எதுவும் கீழே கேட்கவில்லை. விரல் மட்டும் தெரிந்தது. நகர்ந்தது. நின்றது. ஜெயராணி சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள் போலும், பிள்ளை மற்றக் கையால் அவள் வாயைப் பொத்தியது. பெண்கள் காத்திருந்தார்கள். விரல் பின்னே போய், திரும்ப வந்து, தாண்டியது. அடுத்த நொடி குபீரென்று எழுந்த சிரிப்பு மலைச்சரிவு முழுவதும் உருண்டு வந்தது. ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெயராணி முந்தானையால் முகத்தை மூடினாள். தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. ஷெரோன் கை காட்டவில்லை. மேலே அந்த விரல் அடுத்த வரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.