கிழக்கு ஓரம்

கல்பனா சிரித்துக்கொண்டே இருந்ததால் நாலு படம் வீணாகிவிட்டது.

"மனைப் பத்திரத்துக்குத்தாண்டி படம், கல்யாண ஆல்பத்துக்கு இல்ல. வாய மூடு" என்றாள் ஃபர்ஹீன்.

ஐந்தாவது தடவை கல்பனா உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் மட்டும் அடங்கவில்லை.

இருவரும் வில்லியனூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கல்பனா இப்போது ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். ஃபர்ஹீன், தன் அத்தா மைதீன் பிச்சையின் நோட்டுப் புத்தகக் கடையில் பாதி இடத்தை மறித்து, கேமராவும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டு போட்டோ வேலை செய்கிறாள். பாஸ்போர்ட் சைஸ், நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. படம் வெட்டுவதில் அவள் கை சுத்தம் என்று கடைத்தெருவில் பேர். மாப்பிள்ளை தோளில் கிடக்கும் யாரோ ஒருவரின் கையை, இருந்த சுவடே இல்லாமல் எடுத்துவிடுவாள்.

கல்பனாவின் முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வெட்டினாள். அடுத்து அவள் புருசன் விஜயராஜின் படம். அதை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். பின்னால் யாரோ ஒரு குழந்தையின் பலூன். அதையும் வெட்டினாள்.

"எங்கடி மனை? சொல்லவே இல்ல?"

கல்பனா கைப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தாள். "கரிக்கலாம்பாக்கத்துல. பூஞ்சோலை நகர். நாப்பத்தொண்ணாம் நம்பர். கெழக்கு ஓரம், மூலை மனை. வாசப்படிய கெழக்க பாத்து வெச்சுக்கலாம்னு அவருக்கு ஒரே குஷி. நாளைக்கி பதினோரு மணிக்கி பத்திரம்."

அந்த நோட்டீஸைச் செய்தது ஃபர்ஹீன்தான். மேலே நீல எழுத்து, நடுவில் ஆகாயத்திலிருந்து எடுத்த பச்சை வயல் படம். சித்திரையில் மனை புரோக்கர் சுப்பராயலு ஒரு பென் டிரைவோடு வந்து உட்கார்ந்து செய்யச் சொன்னார். "இருக்கறதுல பச்சையா இருக்கறது மழைக்காலத்துல எடுத்த இந்தப் படந்தாம்மா. கெழக்கு ஓரத்துல தண்ணி கெடக்கு பாரு, அத மட்டும் வெட்டிடு. ஏரித் தண்ணி அது, நம்ம எடம் இல்ல" என்றார். வெட்டினாள். ஒரு நிமிஷ வேலை.

இப்போது மவுஸ் மேல் இருந்த அவள் கை நின்றுவிட்டது. நோட்டீஸின் கிழக்கு ஓரத்தையே பார்த்தாள். அங்கே வரப்பு இல்லை, வேலி இல்லை, ஒன்றும் இல்லை. படம் முடிந்திருந்தது.

"இன்னாடி முழிக்கற?"

"ஒண்ணுமில்ல. போய் பாத்தீங்களா எடத்த?"

"பாக்காம? போன மாசந்தான் போனம். காய்ஞ்சு சும்மா மேடை மாதிரி கீது."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது? தண்ணீர் பக்கத்து இடமாக இருந்தால்? ஃபர்ஹீன் எட்டு எட்டாகப் படத்தை அடித்து, கத்தரித்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். கல்பனா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஃபர்ஹீனுக்கு வேலை ஓடவில்லை. ஸ்காலர்ஷிப்புக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணின் காதைச் சேர்த்து வெட்டிவிட்டாள். மறுபடி வெட்டினாள், தலை சாய்ந்துவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தாள். மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள். அந்தப் பெண் போனதும் பூஞ்சோலை நகர் ஃபைலைத் தேடித் திறந்தாள்.

கம்ப்யூட்டரில் படம் வெட்டும் கருவிக்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் வெட்டிய பாகம் அழிந்தே போகும். டிக்கை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாதே தவிர, ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். 'இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கலாம்மா' என்று ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பதால் ஃபர்ஹீன் எப்போதும் டிக்கை எடுத்துவிட்டுத்தான் வெட்டுவாள்.

கருவியை எடுத்துப் படத்தின் மேல் ஒரு தட்டு தட்டினாள். கிழக்குப் பக்கம் மங்கலாக எழுந்து வந்தது. ஓரத்தை இழுத்து முழுதாகத் திறந்தாள். வெள்ளித் தட்டு கவிழ்ந்த மாதிரி தண்ணீர். பெரிதாக்கினாள். தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். மனைக் கற்கள். சுண்ணாம்பு அடித்த தலை மட்டும் வெளியே. எண்ணிப் பார்த்தாள். கிழக்கு வரிசை முழுக்க, மூலை வரைக்கும்.

ஏரித் தண்ணீர்தான். ஆனால் நின்றது மனை போட்ட இடத்தில்.

அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மைதீன் பிச்சை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடைக்கி வர்றவங்க நம்மள நம்பி குடுக்கறாங்க. அத இன்னொருத்தருக்கு காட்டறது மொறை இல்லம்மா."

"அவ நாளைக்கி கையெழுத்து போடப் போறா அத்தா."

"அவரு வெட்டச் சொன்னாரு, நீ வெட்டுன. உம்மேல இன்னா தப்பு கீது?"

அதுதான் அவளைக் குடைந்தது. ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "ஒரு மணி நேரத்துல வர்றன்" என்றாள்.

கரிக்கலாம்பாக்கம் போகும் சாலையில் அவள் செய்த ஃப்ளெக்ஸே வழி காட்டியது. உள்ளே செம்மண் ரோடு. கல்பனா சொன்ன மாதிரி தரை காய்ந்து வெடித்திருந்தது. கிழக்கு ஓரத்தில் பழைய மோட்டார் கொட்டகை ஒன்று. அதன் சுவரில் முழங்காலுக்கு மேலே சேற்றுக் கோடு ஒன்று நேராக ஓடியது. ஃபர்ஹீன் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவள் தொடை உயரம்.

அடுத்த வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வரப்பேறி வந்தார். பெயர் மணவாளன் என்றார். மனை போட்ட நிலம் அவருடையதாக இருந்ததாம், போன வருசம் விற்றாராம்.

"மழைல இங்க தண்ணி நிக்குமாங்க?"

"நீ வாங்கப் போறியாம்மா?"

"என் கூட்டாளி ஒருத்தி."

மணவாளன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "ஏரி ரொம்பி வழிஞ்சா இந்தப் பக்கந்தான் வரும். பத்து நாள், பதினஞ்சு நாள் நிக்கும். நெல்லு தாங்கும். வூடு தாங்குமா?"

"இத வாங்க வர்றவங்ககிட்ட சொல்லலாம்ல?"

"சுப்பராயலுவுக்கு தெரியும். வர்றவங்க கார்ல வந்து, கார்லயே போயிடறாங்க. எங்கிட்ட யாரும் கேக்கலியே." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வித்தவன் வாயால அத எப்படிம்மா சொல்றது?"

ஃபர்ஹீன் வண்டியைத் திருப்பினாள். வழியில் இரண்டு தடவை நிறுத்தினாள். ஒரு தடவை கல்பனாவுக்கு போன் போட்டு, மணி அடிக்குமுன் துண்டித்தாள். இன்னொரு தடவை, படத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். இரண்டும் சரியாகப் படவில்லை. நேராகக் கல்பனா குடியிருந்த வீட்டுக்கே போனாள்.

கல்பனா தரையில் உட்கார்ந்து நாளைக்கு உடுத்த வேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் விஜயராஜ் பேனாவால் வரைந்த வீட்டுப் படம். அடுப்படி, பூசை அறை, மாடிப்படி எல்லாம் இருந்தது. ஃபர்ஹீன் உட்காரவில்லை. நின்றபடியே போனை நீட்டினாள்.

கல்பனா பார்த்தாள். முதலில் புரியவில்லை. ஃபர்ஹீன் விரலால் பெரிதாக்கி, மூலைக் கல்லைக் காட்டினாள்.

"இதுதான் நாப்பத்தொண்ணு. இப்பதான் போய் பாத்துட்டு வர்றன். சுவத்துல தண்ணி நின்ன கோடு கீதுடி."

"இந்தப் படம் ஏது உனக்கு?"

"நோட்டீஸ்ல இருக்கற படந்தான். இது முழுசு."

கல்பனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப இத வெட்டுனது நீ."

"ஆமா."

"காலைல நான் சிரிச்சினு உக்காந்திருந்தன். அப்பவே உனக்குத் தெரியும்."

"சரியாத் தெரியல. சந்தேகந்தான் வந்துது."

"சந்தேகம் வந்தா வாயத் தொறக்க மாட்டியா? படத்த குடுத்து அனுப்பிச்ச. இப்ப எதுக்கு வந்த? என்ன காப்பாத்தவா, உன் மனசு ஆறவா?"

ஃபர்ஹீன் சுவரில் இருந்த வீட்டுப் படத்தைப் பார்த்தாள். ரெண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம்.

விஜயராஜ் வந்தான். அவன் எலக்ட்ரீசியன், தோளில் ஒயர் சுருள். போனை வாங்கி, கல்பனா நடந்ததைச் சொல்லச் சொல்ல கற்களை எண்ணினான். பிறகு சுப்பராயலுவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அது எப்பவோ ஒரு தடவ நின்ன தண்ணிப்பா. மண்ணடிச்சா சரியாயிடும். யாரு சொன்னது உனக்கு?" என்றது அவர் குரல்.

"சரியாயிடும்னா ஏன் சார் வெட்டச் சொன்னீங்க?"

சுப்பராயலு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர்கள் பத்திரத்துக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு சுப்பராயலு கடைக்கு வந்தார்.

"வெட்டச் சொன்னா வெட்டணும். வெட்டுனத எடுத்து ஊருக்கு காட்டவா உங்கிட்ட குடுத்தன்?"

ஃபர்ஹீன் எழுந்து நின்றாள். "உங்க படத்த காட்டுனது தப்புதான் சார். வெட்டுனது அத விட பெரிய தப்பு."

"பாய், பொண்ணு பேசறத கேட்டீங்களா?"

மைதீன் பிச்சை ஒரு பையனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு நிதானமாக வந்தார். "கேட்டன். கடை எம்பேர்ல கீது. இன்னா பேசணுமோ எங்கிட்ட பேசுங்க. எங் கொழந்த பேசுனது சரிதான்."

இனிமேல் இந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு சுப்பராயலு போனார். நேற்று முறை இல்லை என்ற அத்தா, திரும்பிப் போய் நோட்டுக் கட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

கல்பனா வரவில்லை. போன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. ஆனி போய் ஆடி பிறந்தது. கடை வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஃபர்ஹீன் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றும் மைக் சத்தத்துக்கு நடுவே கல்பனா வந்தாள். படம் எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சுப்பராயலு ஒப்பந்தத்த ரத்து பண்ணிட்டாரு. அதுக்கு எங்க வூட்டுக்காரரு அலைஞ்ச அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

"இன்னும் கோவமா?"

"கீது. போவட்டும். உங்கிட்டதான வந்து உக்காந்திருக்கன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்த நாப்பத்தொண்ணுக்கு வேற ஆள் வந்தாச்சு, தெரியுமா?"

இத்தனை நாளும் ஃபர்ஹீன் கல்பனாவை மட்டுமே நினைத்திருந்தாள். நோட்டீஸ் ஆயிரம் அடித்தது. ஆயிரம் வீட்டுக்குப் போயிருக்கும்.

"யாரு?"

"சோரியாங்குப்பத்துல உஷாராணின்னு, அங்கன்வாடி டீச்சர். இவரு அவங்க வூட்டுக்கு ஒயரிங் பண்ணியிருக்காரு. அட்வான்ஸ்தான் ஆயிருக்காம். ஆவணி பொறந்ததும் பத்திரமாம்."

"நம்பர் இருக்கா?"

"நமக்கு எதுக்குடி? ஏற்கெனவே பட்டது போதாதா?"

ஃபர்ஹீன் கையை நீட்டினாள். கல்பனா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் போனிலேயே நம்பரைத் தேடி அழுத்தி, அவள் பக்கம் நீட்டினாள்.

"ஹலோ, யாரும்மா?" என்றது ஒரு பெண் குரல். பின்னணியில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன.

ஃபர்ஹீன் வாய் திறந்தாள். "நான் வில்லியனூர்லேர்ந்து, போட்டோ கடை..."

கல்பனா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கல்பனா, எலக்ட்ரீசியன் விஜயராஜ் சம்சாரம். நீங்க பாத்திருக்கற மனைய உங்களுக்கு முன்னாடி பாத்தது நாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் கேக்கறீங்களா?"

அந்தப் பக்கம் குழந்தைகளை யாரோ அதட்டினார்கள். கதவு ஒன்று சாத்தப்பட்டது.

"சொல்லும்மா" என்றது குரல்.