அரையும் அரையும்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பி.எட். கல்லூரியில் புதன்கிழமை என்றால் நுண்ணிலைக் கற்பித்தல். ஒருவர் ஐந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கூடப் படிப்பவர்கள் பத்துப் பேர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாகி பெஞ்சில் உட்கார வேண்டும்.

அன்றைக்குக் குணசீலனின் முறை. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மூன்று வருடம் சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு போர்வெல் போடப் போயிருந்தவன். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியதால் அவன் சாதாரணமாகப் பேசினாலே ஜன்னல் அதிரும். அவனுக்குக் கொடுக்கப்பட்ட திறன் வலுவூட்டல். அதாவது, பிள்ளை பதில் சொன்னால் உடனே பாராட்ட வேண்டும். தப்பாகச் சொன்னாலும் மனம் நோகாமல் ஊக்கப்படுத்த வேண்டும். குணசீலன் அதுவரை யாரையும் பாராட்டியதில்லை. மிகவும் பிடித்துப்போனால் "ம்" என்பான்.

பேராசிரியர் குமாரசாமி கைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரு பாராட்டுக்கு ஒரு கோடு போடுவேன். ஆரம்பிப்பா."

குணசீலன் பலகையில் ½ + ½ என்று எழுதினான். முன் பெஞ்சில் கமலவேணி. நாற்பத்தொரு வயது, தமிழில் எம்.ஏ.; மகளே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளையாக நடிக்கும்படி அவளுக்கு உத்தரவு.

"விடை சொல்லுங்கக்கா."

"ஆறாங்கிளாஸ் புள்ளை உனக்கு அக்காவா?" என்றார் குமாரசாமி.

குணசீலன் விழித்தான். பாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. "சொல்லு சாமி" என்றான். அது எந்த வயதுக்கும் பொருந்தியது.

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் ரெண்டும் நாலு. நாலுல ரெண்டுங்க சார்."

"ம்" என்றான். குமாரசாமியின் பேனா அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் குணசீலன் தொடர்ந்தான்: "வாயைத் திறந்து சொன்னதுக்குச் சந்தோசம். ஆனா நாலுல ரெண்டுன்னா மறுபடியும் அரைதான? அரையும் அரையும் சேர்ந்து அரையே ஆகுமா சாமி?"

"மார்க்குல ஆகுதுங்களே சார்."

"என்னது?"

"காலைப் பரீட்சையில ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரி. மத்தியானமும் ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரி. மொத்தம் நாலுக்கு ரெண்டுன்னுதானுங்க போடுவீங்க?"

பெஞ்சில் மதுமதி விரல் விட்டு எண்ணினாள். "அட, ஆமாங்க" என்றாள். அவளும் கணக்குப் படித்தவள்தான். குணசீலன் பலகையைப் பார்த்தான், கமலவேணியைப் பார்த்தான். அலாரம் அடித்தது.

"ஒரே ஒரு கோடு" என்றார் குமாரசாமி. "இருபது நிமிசம் கழிச்சு மறுபடி நடத்தணும். கமலவேணி, நல்லா நடிச்சீங்கம்மா."

"நடிக்கலைங்க சார். ஆறாவது படிக்கறப்ப இதையேதான் கேட்டேன். வாத்தியார் பிரம்பை எடுத்துட்டாருங்க. அதோட கணக்குப் பக்கமே நான் போகலை." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கேன்டீனில் குணசீலன் வாங்கிய டீ ஆடை படிந்து ஆறியது. எம்.எஸ்ஸி.யில் படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தான், ஒன்றும் உதவவில்லை. பக்கத்து மேசையில் ஒருத்தி பன்னைப் பிட்டுத் தோழிக்குப் பாதி கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எழுந்து போய் இரண்டு பன் வாங்கினான்.

மறுபடி வகுப்பு. இரண்டு பன்னையும் சரிபாதியாக வெட்டினான். ஒன்றிலிருந்து பாதி, மற்றதிலிருந்து பாதி எடுத்துக் கமலவேணியின் கையில் வைத்தான்.

"இப்ப உன் கையில எத்தனை பன்னு, சாமி?"

"ஒண்ணுங்க."

"நான் கொண்டு வந்த ரெண்டு பன்னுல எவ்வளவு?"

"பாதி." கமலவேணி நிமிர்ந்தாள். "சார், ஒண்ணுன்னும் சொன்னேன், பாதின்னும் சொன்னேன்!"

"ரெண்டும் சரி. எதுல பாதிங்கறதைத்தான் பாக்கணும். பலகையில இருக்கறது ஒரே ஒரு பன்னை வச்சுப் போட்ட கணக்கு. மார்க்குல ரெண்டு பரீட்சையும் சேர்ந்து முழுசே பெருசாயிடுது."

"அப்ப ஆறாவதுல நான் கேட்டது தப்பில்லைங்களா?"

"தப்பா? பிரமாதமான கேள்விங்கக்கா அது!"

அந்தக் குரலுக்குப் பக்கத்து அறையில் உளவியல் வகுப்பு நின்றது. என்ன சண்டை என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அலாரம் அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. கமலவேணி கையிலிருந்த பன்னை நிதானமாகத் தின்றாள். மிச்சத்தை மற்றவர்கள் பங்கு போட்டார்கள்.

குமாரசாமி தாளை வாசித்தார். "பாராட்டு ரெண்டு. அதுலயும் ஒண்ணுல அக்கா வந்துருச்சு. நேரம் பதினோரு நிமிசம். துணைக்கருவியைப் புள்ளைங்க தின்னுட்டாங்க. பத்துக்கு நாலு."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் குணசீலன் நின்றிருந்தபோது குமாரசாமி தன் வண்டியை ஓரங்கட்டினார். அவர் வரலாறு படித்தவர். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏப்பா, அந்த மார்க்கு விசயத்தை இன்னொருக்கா சொல்லேன்."

குணசீலன் லாரிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துக் காலைப் பரீட்சையிலிருந்து தொடங்கினான். நாமக்கல் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனதை இருவரும் பார்க்கவில்லை.