சிகரெட் சூடு

எனக்குக் காய்ச்சல் வந்தது. நடந்தது அவ்வளவுதான். காய்ச்சல் வந்தவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதை விட்டுவிட்டு ஊர்க்கூட்டம் போடுவார்களா? எங்கள் குப்பத்தில் போட்டார்கள். நான் சாகக் கிடந்த நேரத்தில் ஊர் ஆம்பளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து என் இடுப்பைப் பற்றிப் பேசினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் துர்காதேவி. பிறந்தது மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம். வாழ்க்கைப்பட்டது திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை ஊர். என் வீட்டுக்காரர் தீனதயாளன் லோடு வண்டி ஓட்டுகிறார். குப்பத்துக்கு ஐஸ் இறக்க வந்தபோது பார்த்தேன், பிடித்தது, கட்டிக்கொண்டேன். என் அண்ணன் எல்லப்பனுக்கு அது பிடிக்கவில்லை. நெல்லு விளைக்கிற வீட்டுக்காரன் நம்ம பெண்ணை மதிப்பானா என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவன் அவன். அன்றிலிருந்து இவரிடம் ஏதாவது குறை அகப்படாதா என்று காத்துக்கொண்டிருந்தான்.

மாமியார் வீட்டில் ஆடுகள் உண்டு. மழை விட்டதும் ஏரிக்கரைப் புதர் ஓரமெல்லாம் புல் மண்டிவிடும். நான் குந்தி உட்கார்ந்து அறுத்துக்கொண்டு வருவேன். அப்படி அறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் காய்ச்சல் பிடித்தது. தலை வெடிக்கிற வலி. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். இல்லாததைச் சொன்னார்களே தவிர, இருப்பது என்னவென்று சொல்லவில்லை. அந்த டாக்டர் என் கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மிச்ச நேரம் போனைப் பார்த்தார்.

இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குக் கீழே, ஒரு சின்னப் புண் இருந்தது எனக்குத் தெரியும். வலிக்கவில்லை, அரிக்கவில்லை. நாடா உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். காய்ச்சலுக்குப் போன இடத்தில் யார் இடுப்பைக் காட்டுவார்கள்?

"பொண்ணை இங்க கொண்டாந்து வுடு மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா போன் பண்ணினாள். இவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார். "கூடுவாஞ்சேரிக்கு ஒரு லோடு கீது. எறக்கிட்டு நாளைக்கு வந்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் அம்மா வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள். நாடாவைத் தளர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது?"

"நாடா அறுத்த புண்ணும்மா."

"நாடா அறுத்தா கோடு மாரி இருக்கும். இது வட்டமா கீது. கருகிப் போயிகீது."

எங்கள் குப்பத்துக்காரர்களுக்குக் கடியும் கொட்டும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொறிமீன் பட்டால் சாட்டையடி மாதிரி நீளமாகத் தடிக்கும். திருக்கை முள் ஏறினால் கிழிந்து வீங்கும். கெளுத்தி குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். தடத்தைப் பார்த்தே எது கடித்தது என்று எங்கள் அம்மா ஆதியம்மாள் சொல்லிவிடுவாள். ஆனால் அவள் படித்த பாடமெல்லாம் கடலில் இருக்கிறது. ஏரிக்கரைப் புதரில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கடலில் இப்படித் தடம் போடுகிற பிராணி எதுவும் இல்லை, ஆகவே இது மனுஷன் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

வாசலில் நின்ற அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து, நுனியைக் காட்டி, "இம்மாம் பெருசா?" என்று கேட்டானாம். "ஆமாடா" என்றாளாம். தீர்ந்தது. என் புருஷன் எனக்குச் சிகரெட்டால் சூடு வைத்துவிட்டான்!

"அவரு சிகரெட்டே புடிக்க மாட்டாருண்ணா" என்று உள்ளேயிருந்து கத்தினேன். கத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தொண்டையில் பாதி காற்றுதான் வந்தது. அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வண்டி ஓட்றவன் புடிக்காம இருப்பானா? நீ பயந்துகினு சொல்ற" என்றான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த குப்பத்துக்கு அவல் கிடைத்தது. விடிவதற்குள் ஒரு சூடு ஐந்தாறு சூடாகிவிட்டது. முதுகெல்லாம் தழும்பு என்றார்களாம். சோறு போடாமல் வைத்திருந்தானாம். என்னை வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். உடம்பு இப்படிக் கொதிக்கிறதே என்று ஒருத்தி கேட்கவில்லை.

மறுநாள், கடலுக்குப் போன படகுகள் கரை ஏறினதும் கங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த இவரைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காரவும் கூடாது, பேசவும் கூடாது. கோயில் சுவர் ஓரமாக நிற்கலாம். ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்க வேண்டுமென்றால் அவளுடைய அப்பாவோ அண்ணனோ புருஷனோ பேசவேண்டும். எங்கள் அப்பா இல்லை. புருஷன் குற்றவாளி. ஆகவே என் வாய் அண்ணனிடம் போய்விட்டது.

அவன் பேசினான் பாருங்கள், அப்படிப் பேசினான். என் வலியை, நான் பட்டதேயில்லாத வலியை, கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி பேசினான். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை. அவனே பார்த்ததில்லை.

"நான் சூடு வெக்கல நாட்டாரே. அவளுக்கு ஜுரம் கொதிக்குது. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவ வுடுங்க. அப்பறம் இன்னா வேணா கேளுங்க" என்றார் இவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும். அதெல்லாம் பேசி முடிச்சிட்டுப் போவலாம்" என்றார் நாட்டார் தர்மராஜ். ஊருக்குத் தலைவர். எனக்குப் பெரியப்பா முறை.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரத்தில் நின்றவள், கையை உதறிக்கொண்டு நடுவில் போனேன். கால் தரையில் பாவவில்லை.

"அவரு ஒண்ணும் பண்ணல. எங்க அண்ணன் பொய் சொல்றான்" என்றேன்.

எல்லப்பன் எழுந்து வந்தான். ஓங்கி ஓர் அறை. "புருஷனுக்காக அண்ணனையே பொய்யன்னு சொல்றியா? உனக்காகத்தாண்டி பேசிகினுகீறேன்!"

எனக்காக! அடிப்பதும் எனக்காகத்தானாம்! காது குப்பென்று அடைத்தது. இவர் பாய்ந்து வந்ததும் நாலு பேர் பிடித்து மணலில் தள்ளியதும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு நான் விழுந்துவிட்டேன்.

அம்மா போட்ட கூச்சலில் கூட்டம் கலைந்ததாம். இவர் என்னைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டு போய்த்தான் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ரூத் என்று ஒரு டாக்டர். அம்மா ஓடிப்போய், "புருஷன் சூடு வெச்சிட்டான் டாக்டரம்மா" என்றாள். டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார். என் பக்கத்தில் குனிந்து, "உங்க வீட்டுக்காரர் உங்களை அடிப்பாரா? சூடு வெச்சாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று கேட்டார்.

ஊரே கூடிப் பேசியதே, இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். இல்லை என்று தலையாட்டினேன்.

உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, ஓர் இடம் விடவில்லை. இடுப்புப் புண்ணை விரலால் மெல்ல அழுத்தி, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "புல்லு அறுப்பீங்களா? விறகு பொறுக்குவீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது சூடு இல்லம்மா. உண்ணி வகையில ஒரு பூச்சி, அதோட குஞ்சு கடிச்ச தடம். கண்ணுக்கே சரியாத் தெரியாது. புதர்ல இருக்கும். உடம்புல ஏறி, துணி இறுக்கற இடமாப் பார்த்துக் கடிக்கும். கடிக்கறது தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு இப்படி நடுவுல கறுத்து, சுத்திச் சிவந்து, சிகரெட் சூடு மாதிரியே இருக்கும். சூடுன்னா தொட்டா உயிர் போகும். இது வலிக்காது. இதைப் பார்த்ததுமே ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்னு சந்தேகப்படணும். மாத்திரை இருக்கு, சீக்கிரம் கொடுத்தா சீக்கிரம் கேட்கும். நீங்க லேட். சளி நெஞ்சுல இறங்கிடுச்சு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல விரும்பலை."

டாக்டர் என் முகத்தைத் திருப்பி, கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தார்.

"இது எந்தப் பூச்சி?" என்று கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மருந்து ஏறியதும் காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீரானது. நான் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்கிற அளவுக்கு வந்ததும், தர்மராஜ் பெரியப்பா ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு எல்லப்பனோடு வந்தார். வந்தவர்கள் நேராக இவரிடம் போனார்கள்.

"ஏதோ பூச்சியாமே. எங்களுக்கு இன்னா தெரியும்? மனசுல வெச்சிக்காத மாப்ள" என்று அண்ணன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பரவால்ல மச்சான்" என்றார் இவர். இவருக்குக் கோபம் என்ற ஒன்றை ஆண்டவன் வைக்க மறந்துவிட்டான். என்ன பரவாயில்லை? மணலில் புரட்டி எடுக்க வைத்தவனிடம் பரவாயில்லையாம்! மூன்று ஆம்பளைகளும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"பெரியப்பா" என்றேன். "பூச்சி கடிச்சதுக்கு ஊரைக் கூட்டனீங்களே. எங்க அண்ணன் என்னை அடிச்சதுக்கு எப்போ கூட்டப் போறீங்க?"

அவர் சிரித்தார். "அண்ணன் தங்கச்சி நடுவுல அதெல்லாம் பஞ்சாயத்தா? வூட்டுக்குள்ள பேசிக்க வேண்டியது."

"வூட்டுக்குள்ள அடிச்சிருந்தா வூட்டுக்குள்ள பேசலாம். ஊர் நடுவுல அடிச்சான். ஊர் நடுவுலதான் பேசணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நான் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. கங்கையம்மன் கோயில் முன்னால் போய், ஆம்பளைகள் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தேன். இவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய "பரவால்ல"வை மன்னித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். படகிலிருந்து வந்தார்கள். கூட்டம் தானாகவே சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நாட்டாரும் வந்தார், எல்லப்பனும் வந்தான்.

"உனக்காக யாரு பேசறது?" என்று கேட்டார் நாட்டார்.

"நான்தான்."

முணுமுணுப்பு எழுந்தது. அவர் கையமர்த்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அடிச்சான்னு சொல்ற. அடையாளம் எதுவும் காணமே. தழும்பு கீதா? கூட்டத்துல தள்ளுமுள்ளு ஆச்சி, அதுல கை பட்டிருக்கும். அடிச்சதை யாரு பாத்தாங்க?"

கேட்டீர்களா? செய்யாத குற்றத்துக்கு என் உடம்பில் தழும்பு இருந்தது, ஒருவரும் பார்க்காமலே நம்பினார்கள். செய்த குற்றத்துக்குத் தழும்பு மறைந்துவிட்டது, அத்தனை பேரும் பார்த்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கடலைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள்.

"நான் பாத்தேன்."

சுவர் ஓரத்திலிருந்து அம்மாவின் குரல்.

"ஆதியம்மா, பொம்பளைங்க கூட்டத்துல பேசற வழக்கம் இல்ல" என்றார் நாட்டார்.

"தெரியும். வழக்கம்னு வாய மூடிகினு நின்னேன், எம் பொண்ணு வாயில நொர தள்ளி விழுந்தா. சூடுன்னு மொதல்ல சொன்ன பாவி நானு. எம் பேச்சை மட்டும் அன்னிக்கு அத்தினி பேரும் கேட்டீங்களே, இன்னிக்கும் கேளுங்க. எம் மவன் அடிச்சான். அறைஞ்ச சத்தம் இன்னும் எங் காதுல கீது."

எல்லப்பன் கழுத்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். எழுந்து நடுவில் வந்து நின்றான். கையைக் கூப்பி, என் புருஷனைப் பார்த்து, "தப்புதான் மாப்ள, மன்னிச்சிக்கோ" என்றான்.

"அவரை ஏன் பாக்கற?" என்றேன். "அறை வாங்கனவ இங்க கீறேன். இங்க பாத்து சொல்லு."